பரலில் ஊறுவதும் கிணற்றில் இருப்பதும்

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ கிணற்றுத் தண்ணீரில் தேநீர் வைக்கும் வீடு ஒன்றில் கேத்தலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாக, சொரசொரப்பாக ஒரு படை ஒட்டியிருக்கும். அதில் பாதித் தேசிக்காயைப் பிழிந்தால் நுரைத்துப் பொங்கும். அந்தப் படை பெரும்பாலும் கல்சியம் காபனேற்று, சுண்ணாம்புக்கல்லும் அதேதான். தண்ணீரில் கரைந்து கண்ணுக்குப் படாமல் இருந்தது, கொதித்ததும் பிரிந்து அடியில் படிந்துவிட்டது. இதே தண்ணீர்தான் மோட்டரில் ஏறி மிளகாய்க்கும் கத்தரிக்கும் பயிற்றைக்கும் போகிறது.

மண்ணின் பி.எச். பற்றியும் கூட்டெருக் கரைசல் பற்றியும் சொல்ல வந்துவிட்டுக் கேத்தலில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. வன்னியில் இன்று பல தோட்டங்களின் மூலையில் ஒரு பரல் நிற்கிறது. உள்ளே எருவோ, கிளிசரியாக் குழையோ, மீன் கழிவோ ஊறுகிறது. இதை ஊற்றினால் மண் சரியாகிவிடும் என்பது நம்பிக்கை. மண்ணில் உள்ள கோளாறு என்ன, அது எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், பரலைவிடக் கிணற்றுக்கே அதில் பங்கு பல மடங்கு அதிகம்.

முதலில் அந்த எண். பி.எச். என்பது மண்ணில் இருக்கும் ஈரம் அமிலமா காரமா, எந்த அளவுக்கு என்று சொல்வது. 7 நடுநிலை. கீழே இறங்கினால் அமிலம், மேலே ஏறினால் காரம். 1909இல் இந்த அளவுகோலைக் கொண்டுவந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த சோரன் சோரன்சன். அவர் வேலை பார்த்தது கொப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பேர்க் பியர்க் கம்பனியின் ஆய்வுகூடத்தில். பியர் வடிப்பவர்களின் தேவைக்குப் பிறந்தது பிறகு விவசாயத்துக்கும் வந்து சேர்ந்தது. இந்த அளவுகோலில் ஒரு படி என்றால் பத்து மடங்கு. 6 உள்ள மண் 7 உள்ளதைவிடப் பத்து மடங்கும், 8 உள்ளதைவிட நூறு மடங்கும் அமிலமானது. 7.2க்கும் 8.2க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று விட்டுவிடக்கூடாது.

பயிருக்கு இந்த எண்ணில் நேரடி அக்கறை இல்லை. அதற்கு வேண்டியது சாப்பாடு. எந்தச் சாப்பாடு கரைந்து வேருக்கு எட்டும், எது மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் என்பதை இந்த எண் தீர்மானிக்கிறது. 6க்கும் 7க்கும் இடையில் பெரும்பாலான மரக்கறிப் பயிர்களுக்கு எல்லாச் சத்தும் ஓரளவு கிடைக்கும். 5.5க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேரைக் கெடுக்கும். 7.5ஐத் தாண்டினால் இரும்பு, நாகம், மங்கனீசு ஆகியவை மண்ணில் நிறைய இருந்தும் கரைய மறுக்கும். பொசுபரசைக் கல்சியம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மலைநாட்டுக்கும் வன்னிக்கும் இங்கேதான் வழி பிரிகிறது. நுவரெலியா, ஹற்றன் பக்கத்து மண், மழை கழுவிக் கழுவி அமிலமானது. தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை பிடிக்கும். அங்கே அமிலம் மிஞ்சும்போது டொலமைட் போடுவார்கள். 'சேதன விவசாயம் செய்கிறீர்களா, டொலமைட் ஒரு பை போடுங்கள்' என்ற புத்திமதி அந்த மண்ணுக்குப் பொருந்தும். அதை அப்படியே ஏ9 வழியாக வடக்கே கொண்டுவந்து மாங்குளத்திலோ நெடுங்கேணியிலோ சொன்னால், இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்த கதைதான்.

வன்னியில் மண் ஒரே மாதிரி இல்லை. வவுனியாவிலிருந்து வடக்கே நீளும் நிலத்தில் மேட்டில் செங்கபில மண், பள்ளத்தில் சாம்பல் நிறக் களி. மேட்டு மண் பெரும்பாலும் லேசான அமிலத்திலிருந்து நடுநிலை வரை. பள்ளத்துக் களியில் எண் இன்னும் ஏறும், தோண்டிப் போனால் சில இடங்களில் வெள்ளைச் சுண்ணாம்பு உருண்டைகள் மண்வெட்டியில் தட்டுப்படும். முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கங்களில் ஆழமான செம்மண் உண்டு. தண்ணீரை வேகமாக விட்டுவிடும், சத்தையும் விட்டுவிடும். பூநகரி, பளை என்று யாழ்ப்பாணக் குடாநாட்டை நெருங்க நெருங்க அடியில் சுண்ணாம்புக்கல். கரையோரம் மணல், சுண்டிக்குளம், பூநகரி போன்ற கடல்நீரேரி ஓரங்களில் உப்பு. 

ஆக, இயற்கை கொடுத்த மண் வன்னியின் பெரும்பகுதியில் மோசமானதல்ல. நடுநிலைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பிறகு யார் அதைக் காரப் பக்கம் தள்ளுகிறார்கள்?

நெல் வயலை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, பாவற்குளம் தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் மண் தன்னைத்தானே திருத்திக்கொள்கிறது. தண்ணீர் தேங்கி ஒட்சிசன் தீர்ந்ததும் அமில மண்ணின் எண் மேலேறும், கார மண்ணின் எண் கீழிறங்கும். சில கிழமைகளில் இரண்டும் 7க்கு அருகே வந்து நிற்கும். இந்த வேதியியலை உலகுக்கு விளக்கியவர்களில் முதன்மையானவர் இலங்கையரான எஃப். என். பொன்னம்பெரும. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தவர். நீரில் மூழ்கிய மண்ணின் வேதியியல் பற்றி 1972இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரையை இன்றும் மண் அறிவியல் மாணவர்கள் படிக்கிறார்கள். அதனால் நெல் செய்பவர் பி.எச். பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. காரமான களியில் நாகக் குறைவு வரலாம், அதைமட்டும் கவனித்தால் போதும்.

கவலைப்பட வேண்டியவர் கிணற்றை நம்பி மேட்டுத் தோட்டம் செய்பவர். வன்னியின் நிலத்தடி நீரில் பல இடங்களில் இருகாபனேற்று அதிகம்; கொதிக்கும்போது கேத்தலில் படையாவது இதுதான். வவுனியாப் பக்கம் அடியில் இருப்பது பழைய கரும்பாறை. அது தேய்ந்து கரைவதாலும் வெயிலில் நீர் வற்றிச் செறிவதாலும் அங்கேயும் தண்ணீர் கடினமாகிறது. ஒரு லீற்றர் கிணற்று நீரில் கல்சியம் காபனேற்றுக் கணக்கில் 300 மில்லிகிராம் காரத்தன்மை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உலர் வலயக் கிணறுகளில் இது அதிசயமான எண் இல்லை. ஒரு ஏக்கர் மிளகாய்க்கு ஒரு போகத்தில் 500 மில்லிமீற்றர் தண்ணீர் இறைத்தால் அது ஏறத்தாழ 20 இலட்சம் லீற்றர். அதோடு வருவது 600 கிலோ சுண்ணாம்புக்குச் சமமான காரம். யாரும் பை தூக்கி வந்து கொட்டவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை. பைப் வழியாகவே அறுநூறு கிலோ போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த சிறுபோகத்திலும் போகும்.

எல்லாம் தங்கிவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை கொட்டும் மழை ஒரு பகுதியைக் கழுவிக்கொண்டு போகும். செம்மண்ணில் கூடுதலாக, களியில் குறைவாக. வேரும் நுண்ணுயிரும் மூச்சு விடுவதில் வரும் காபனீரொட்சைட்டும் ஒரு பகுதியைக் கரைக்கும். யூரியாகூட இதில் ஒரு கையாள்: மண்ணில் அது மாற்றமடையும்போது அமிலம் வரும், ஒரு கிலோ நைதரசனுக்கு ஏறத்தாழ 1.8 கிலோ சுண்ணாம்பை ஈடுசெய்யும் அளவுக்கு. யூரியாவை விட்டுச் சேதனத்துக்கு மாறும் தோட்டத்தில் இந்தச் சிறு அமிலமும் நின்றுபோகிறது. கிணறு மட்டும் தன் வேலையை நிறுத்துவதில்லை. சேதன விவசாயத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. மாறுகிறவர் மண்ணின் எண்ணை அடிக்கடி பார்க்க வேண்டிய காரணம் இது.

பாதிப்பு எப்படித் தெரியும்? இலையில் தெரியும், ஆனால் எந்த இலையில் என்று பார்க்க வேண்டும். நைதரசன் குறைந்தால் முதலில் அடியில் உள்ள முதிர்ந்த இலை முழுதாக மஞ்சளாகும். செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்குக் கொடுக்கிறது. இரும்பை அப்படி எடுத்துக் கொடுக்கச் செடியால் முடியாது. அதனால் இரும்பு கிடைக்காதபோது கொழுந்துதான் வெளிறும். நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்க, இடையில் எல்லாம் மஞ்சளாகும், கடுமையானால் வெண்மையாகும். கச்சான் இந்தக் குறையை முதலில் காட்டும் பயிர்களில் ஒன்று. 'தம்பி, ரெண்டு கிழமையா ஊத்துறன், கொழுந்து இன்னும் மஞ்சளாத்தான் கிடக்கு' என்று சொல்லும் அக்காவின் தோட்டத்தில் இதுதான் நடந்திருக்கும். பசளை போதாது என்று நினைத்து அவர் இன்னும் ஊற்றுகிறார். இரும்பு அங்கேயே இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது.

இனி பரலுக்கு வருவோம். கூட்டெருக் கரைசல் இரண்டு விதம். ஒன்று, நம் ஆட்கள் எப்போதும் செய்வது: ஒரு பங்கு எருவைச் சாக்கில் கட்டி ஐந்து முதல் பத்துப் பங்கு தண்ணீரில் தொங்கவிட்டு, சில நாள் முதல் இரண்டு கிழமை வரை ஊறவைத்து, வடித்து ஊற்றுவது. மற்றது, மீன் தொட்டியில் போடுவது போன்ற காற்று மோட்டரை வைத்து ஒரு நாள், ஒன்றரை நாள் காற்றுக் கொடுத்து, கொஞ்சம் சர்க்கரையோ கழிவுப்பாகோ சேர்த்து நுண்ணுயிரைப் பெருக்குவது. இந்த இரண்டாவது முறையை உலகெங்கும் பரப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் எலெய்ன் இங்காம். தமிழ்நாட்டுக் காணொளிகள் வழியாகப் பஞ்சகவ்யமும், சுபாஷ் பாலேக்கரின் ஜீவாமிர்தமும் வன்னிக்கும் வந்திருக்கின்றன. செய்முறை வேறு வேறு, கேள்வி ஒன்றுதான். இதற்குள் என்ன இருக்கிறது?

சத்து எவ்வளவு என்று பார்ப்போம். நல்ல கூட்டெருவில், காய்ந்த நிறையில் 1 முதல் 2 வீதம் நைதரசன் இருக்கும். 10 லீற்றர் வாளியில் ஒரு கிலோ ஊறவைத்தால், உள்ளே உள்ள அத்தனை நைதரசனும் கரைந்து வந்தாலும் 15 கிராம் அளவுதான். அத்தனையும் வராது, பெரும்பகுதி எருவின் உடலோடு கட்டுண்டு கிடக்கும், வடித்துத் தூர வீசும் சக்கையில் போகும். 15 கிராம் நைதரசன் 33 கிராம் யூரியாவில் இருக்கிறது, ஒரு கைப்பிடி. ஜீவாமிர்தத்தின் வழக்கமான அளவு ஏக்கருக்கு 10 கிலோ சாணம், 5 முதல் 10 லீற்றர் கோசலம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பருப்பு மா, 200 லீற்றர் தண்ணீர். கூட்டிப் பார்த்தால் நைதரசன் கால் கிலோவைத் தொடுவது கடினம். ஒரு தொன் நெல் விளைய 15 முதல் 20 கிலோ நைதரசன் போகிறது. பாலேக்கரே இதைப் பசளை என்று சொல்வதில்லை, மண்ணில் உயிரை எழுப்பும் தூண்டுபொருள் என்றுதான் சொல்கிறார். எழுந்த உயிர் சாப்பிட மண்ணில் ஏதாவது இருக்க வேண்டுமே.

நோயைத் தடுக்குமா? அங்கே விஷயம் கொஞ்சம் சுவையானது. 1980களில் ஜேர்மனியின் பொன் பல்கலைக்கழகத்தில் ஹைன்ரிக் வெல்ட்சியனும் கூட இருந்தவர்களும், காற்றுக் கொடுக்காமல் ஊறவைத்த கரைசல் சில இலைநோய்களைக் குறைப்பதைக் காட்டினார்கள். பிறகு பலர் செய்து பார்த்தார்கள். 2002இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஷூரெல், மஹாஃபி இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சில நோய்களில் பலன், சிலவற்றில் இல்லை, எருவுக்கு எரு, முறைக்கு முறை முடிவு மாறுகிறது என்ற நிலைதான் தெரிந்தது. காற்று மோட்டர் வைத்தால் எப்போதும் மேல் என்றும் நிறுவப்படவில்லை. பூஞ்சை வராமல் இருக்கக் கரைசலை மட்டும் நம்பித் தக்காளி நடுவது என்னைக் கேட்டால் சூதாட்டம். நாற்றுமேடையில் நிலைமை வேறு. தும்புத்தூளில் முளைத்த கன்றுக்குச் சத்து மிகக் குறைவு, தேவையும் மிகக் குறைவு. அங்கே தேநீர் நிறத்துக்கு நீர்த்த கரைசல் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தைத் தரும்.

பி.எச்.ஐ இறக்குமா? இறக்காது. முற்றிய கூட்டெரு பெரும்பாலும் 7க்கும் 8க்கும் இடையில். அதைக் கிணற்று நீரில் கரைத்தால் கரைசலும் அங்கேதான் நிற்கும். புளித்த மீன் கரைசலில் அமிலம் உண்டு. ஆனால் ஏக்கருக்கு ஊற்றுவது 200 லீற்றர். கிணறு அனுப்புவது 20 இலட்சம் லீற்றர், பத்தாயிரம் மடங்கு. ஒரு ஏக்கரில் மேல் 15 சென்ரிமீற்றர் மண் மட்டும் ஏறத்தாழ 800 தொன். குளத்துக்குள் ஒரு தேசிக்காயைப் பிழிவது போலத்தான்.

சரி, கந்தகம் போட்டு இறக்கலாமே என்று கேட்கலாம். தூள் கந்தகத்தை மண் நுண்ணுயிர்கள் கந்தக அமிலமாக மாற்றும். ஒரு கிலோ கந்தகம் ஏறத்தாழ 3 கிலோ சுண்ணாம்பைத் தின்னும். மண்ணில் கட்டுப்படாத சுண்ணாம்பு இல்லாத இடத்தில், சிறு பாத்திகளில் இது வேலை செய்யும். மேல்மண்ணில் ஒரே ஒரு வீதம் சுண்ணாம்பு இருந்தாலும் ஏக்கருக்கு 8 தொன் சுண்ணாம்பு; அதைக் கரைக்க இரண்டரைத் தொன்னுக்கு மேல் கந்தகம் வேண்டும். அந்தக் காசுக்கு வேறு காணி பார்க்கலாம். மண் எந்த வகை என்று அறிய வழி எளிது: காய்ந்த மண் கைப்பிடியில் கொஞ்சம் வினாகிரி விடுங்கள். பளிச்சென்று நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. எண்ணை இறக்கும் ஆசையை விட்டுவிட்டு, அந்த எண்ணோடு வாழும் வழியைப் பார்க்க வேண்டும்.

வாழும் வழியில் கூட்டெருவுக்குப் பெரிய இடம் இருக்கிறது, ஆனால் கரைசலாக அல்ல, எருவாக. மக்கிய சேதனப் பொருள் இரும்பையும் நாகத்தையும் பற்றி, காரம் பூட்டிவிடாமல் வேர் வரை கொண்டுபோகும். அழுகும்போது வரும் காபனீரொட்சைட்டும் சேதன அமிலங்களும் வேரைச் சுற்றி உள்ள சிறு இடத்தில் எண்ணைக் கொஞ்சம் இறக்கும். செடிக்கு அந்தச் சிறு இடம் போதும். மண்ணின் எண் சட்டென்று ஏறி இறங்காமலும் பார்த்துக்கொள்ளும். வன்னி வெயிலில் சேதனப் பொருள் வேகமாகக் கரைந்துபோவதால் ஒவ்வொரு போகமும் போட வேண்டியிருக்கும். ஏக்கருக்கு 4 தொன் என்று வழக்கமாகச் சொல்லும் அளவு மிகையல்ல.

நம் பெரியவர்கள் இதைக் குழை தாழ்த்தல் என்று செய்தார்கள். கிடங்கு வெட்டி, பூவரசங் குழையோ வேப்பங் குழையோ போட்டு, மண் மூடி, மேலே பயிர் வைப்பது. யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டங்கள் இதில் வளர்ந்தவை. மாட்டையும் ஆட்டையும் இரவில் தோட்டத்தில் பட்டி அடைப்பதும் உண்டு; சாணமும் சலமும் ஒரு சொட்டு வீணாகாமல் மண்ணுக்குள் போகும். போரில் வன்னி இழந்தவற்றில் மாடுகளும் உண்டு, எருவின் கதை அங்கிருந்தே சுருங்கியது. இன்று கையில் எளிதாக அகப்படுவது வேலியில் நிற்கும் கிளிசரியா. நட்ட தடி தளைக்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும். காய்ந்த இலையில் 3 வீதத்துக்கு மேல் நைதரசன். தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று அரசே அதை அறிவித்தது. பரலில் ஊறவைத்து நாற்றம் எடுக்க விடுவதைவிட, பச்சையாக வெட்டி வேரடியில் தாழ்த்துவதில்தான் அதன் முழுப்பயன்.

இரண்டு பொருட்களில் கவனம் வேண்டும். அடுப்புச் சாம்பல் கடும் காரம். பூச்சிக்கு இலையில் ஒரு கைப்பிடி தூவுவதில் கெடுதி இல்லை, அடுப்பங்கரைச் சாம்பல் முழுவதையும் தினமும் ஒரே பாத்தியில் கொட்டுவது கிணற்றுக்குத் துணை போவது. முட்டைக் கோழி எருவும் அப்படியே: தீனியில் சேர்க்கும் சிப்பித்தூளின் கல்சியம் அதில் வரும். அமில மண்ணுக்கு அது வரம், இங்கே அளவோடு.

2021ஐப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. அந்த ஆண்டு மே 6ஆம் திகதி வர்த்தமானியோடு இரசாயனப் பசளை இறக்குமதி நின்றது. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ ஒரே போகத்தில் நாட்டையே சேதனத்துக்கு மாற்றப் பார்த்தார். நவம்பர் இறுதியில் தடை விலகியபோது காலபோக விதைப்பு பெரும்பாலும் முடிந்திருந்தது. விளைச்சல் பலமாக விழுந்தது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 50 கிலோ யூரியாப் பை ஒன்றில் 23 கிலோ நைதரசன். ஒன்றரை வீதக் கூட்டெருவில் அதே அளவு வேண்டுமென்றால் காய்ந்த நிறையில் ஒன்றரைத் தொன், ஈரத்தோடு இரண்டு தொன்னுக்கு மேல். அதிலும் அந்தப் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். ஒரு பைக்குப் பதிலாக ஒரு லொறி. அவ்வளவு எரு நாட்டில் இருக்கவில்லை, ஏற்றி இறக்க டீசலும் ஆளும் இருக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் பரல்கள் பெருகின; திரவத்துக்கு எரு குறைவாகப் போதும் என்பதால். குறைந்த எருவில் குறைந்த சத்துதான் வரும் என்பதை அப்போது பலர் சொல்லவில்லை. சேதன விவசாயம் தோற்றது என்று இதை வைத்துச் சொல்வது நியாயமில்லை. மண்ணில் சேதனம் ஏற ஆண்டுகள் வேண்டும், கொடுத்தது ஆறு மாதம்.

அதே ஆண்டில் சீனாவிலிருந்து 'ஹிப்போ ஸ்பிரிட்' கப்பலில் வந்த சேதனப் பசளையின் கதை பலருக்கு நினைவிருக்கும். மாதிரியில் எர்வினியா என்ற பக்ரீறியா இருப்பதாகத் தாவரத் தடுப்புக்காப்புச் சேவை சொன்னது. கப்பல் இறக்காமலே திரும்பியது, கடைசியில் 67 இலட்சம் டொலர் கொடுக்க நேர்ந்தது. கப்பலுக்குக் கேட்ட கேள்வியை வீட்டுப் பரலுக்கும் கேட்க வேண்டும். சாணத்தில் மனிதருக்கு நோய் தரும் ஈ.கோலை, சல்மொனெல்லா இருக்கலாம். சூடேறி நன்றாக மக்கிய எருவில் அவை பெரும்பாலும் சாகும். மக்காத சாணத்தில் சாகாது. கரைசலில் சர்க்கரையோ கழிவுப்பாகோ சேர்க்கும்போது நல்ல நுண்ணுயிரோடு இவையும் பெருகுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்கச் சேதன விதிகளின்படி, பச்சைச் சாணம் போட்டு, மண்ணில் படும் விளைபொருளை 120 நாளுக்கும், படாததை 90 நாளுக்கும் முன் அறுவடை செய்யக்கூடாது. நமக்கு இது இன்னும் முக்கியம். வல்லாரைச் சம்பல் பச்சையாகத்தான். பொன்னாங்காணி வறைக்கு ஒரு கொதி மட்டும். கீரைப் பாத்தியில் இலைமேல் கரைசல் தெளிப்பதை நிறுத்துங்கள். மண்ணுக்கு ஊற்றுவதாயின் அறுவடைக்கு நெடுநாள் முன்பே நிறுத்துங்கள்.

கரைசல் செய்தே ஆகவேண்டுமென்றால்: நன்றாக மக்கி மண்வாசம் வரும் எரு, முடிந்தால் மழைநீர், சர்க்கரை வேண்டாம். கூழ்முட்டை நாற்றம் வந்தால் பயிருக்கு வேண்டாம். காற்று மோட்டரை நிறுத்தியதும் சில மணி நேரத்தில் ஒட்சிசன் தீர்ந்துவிடும். காலையில் நிறுத்தியதை மாலைவரை வைத்திருக்காதீர்கள்.

கொழுந்து வெளிறிய தோட்டத்துக்கு வேறு வழி. லீற்றருக்கு 5 கிராம் இரும்புச் சல்பேற்று, மழைநீரில் கரைத்து, கொஞ்சம் தேசிச்சாறு விட்டு, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளிப்பது. கிணற்று நீரில் கரைத்தால் சற்று நேரத்தில் கறள் நிறத்தில் அடியில் படிந்துவிடும், தெளித்தும் பயனில்லை. தேசிச்சாறு அதைத் தடுக்கத்தான். சேதனச் சான்றிதழ் விதிகள் பலவற்றில், குறைபாடு உறுதியான இடத்தில் இதற்கு அனுமதி உண்டு. சான்றிதழ் வைத்திருப்பவர் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. இது ஒரு போகத்துக்கு ஒப்பேற்றும் வழி, மூலத்தைத் தொடாது. குளத்து நீர் எட்டும் காணியில் கிணற்றைக் கொஞ்சம் ஓய்வாக விடுவதும், இறைக்கும் தண்ணீரைச் சொட்டுநீர்க் குழாயாலும் மூடாக்காலும் குறைப்பதும் மூலத்தைத் தொடும். தண்ணீர் பாதியானால் அந்த 600 கிலோவும் 300 ஆகும். கடல்நீரேரி ஓரத்து நிலத்தில் எண் 8.5ஐத் தாண்டினால் சோடியம் மிஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம். அங்கே ஜிப்சமும் நல்ல வடிகாலும்தான் பேச்சு, பரல் அல்ல.

மண்ணைப் பரிசோதிக்க ஏற்ற காலம் ஓகஸ்ட், செப்ரெம்பர், மழைக்கு முன். தோட்டத்தில் பத்து இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக நடந்து, 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மண் எடுத்து, வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவைப் பையில் போடுங்கள். வரம்பு, எருக்குவியல் இருந்த இடம், வேலியோரம் தவிருங்கள். கடையில் விற்கும் மண்ணில் குத்தும் மலிவுக் கருவி காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். வீட்டிலேயே பார்ப்பதானால், ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு வடித்த நீர் விட்டுக் கலக்கி, அரைமணி நேரம் தெளியவிட்டுப் பி.எச். காட்டும் தாளை நனைக்கலாம். கிணற்று நீரில் செய்தால் கிணற்றின் எண்ணைத்தான் பார்ப்பீர்கள். ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதானால் எங்கே, எப்படி என்று கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். மண்ணோடு கிணற்று நீரும் ஒரு போத்தல் அனுப்புங்கள், வாய்வரை நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி. பி.எச். மட்டும் பார்த்தால் போதாது, காரத்தன்மையையும் தனியாக அளக்கச் சொல்லுங்கள், 7.2 காட்டும் தண்ணீரிலும் இருகாபனேற்று நிறைந்து கிடக்கலாம், 8 காட்டுவதில் குறைவாகவும் இருக்கலாம்.